அவள் நட்ட வரிசை

நுனி மஞ்சளாகித் துவண்டிருந்த வெங்காயப் பயிரை மைத்துனன் பிடித்து இழுத்தான். எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. அடிப்பகுதி கூழாகியிருந்தது. அதற்குள் அரிசிக் குருணைபோல வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன.

"என் பக்கமும் வந்துடுச்சு, மச்சான்."

அவர் வரப்பில் உட்கார்ந்திருந்தார். இந்தப் பருவத்தில் எல்லாம் முறையாகத்தான் செய்திருந்தார்கள். மட்காத எருவைத் தொடவில்லை. உழுத மண்ணை நன்றாக வெயிலில் காயவிட்டார்கள். அப்படியும் புழு என்றால், அதன் முட்டையை இடும் ஈ எங்கிருந்து வருகிறது என்பது இருவருக்குமே தெரியும்.

கிணற்றோரம் போன பருவத்து வெங்காயம் ஒரே ஒரு வரிசை நின்றது. அவர் மனைவி கடைசியாக நட்டது. அறுவடைக்கு முன்பே அவள் போய்விட்டாள். வயல் முழுவதையும் பிடுங்கியவர், அந்த வரிசைக்கு வந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். யாரும் ஏனென்று கேட்கவில்லை. அது பூத்தது, சாய்ந்தது, மண்ணுக்குள்ளேயே அழுகியது. அந்த வாடைக்கு ஈக்கள் வந்தன. வரும்போதும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"நான் பிடுங்கட்டுமா?"

"வேண்டாம்."

"இப்படியே விட்டா ரெண்டு வயலும் போயிடும். என் வீட்டுலயும் அடுப்பு எரியணும்ல?"

மைத்துனனும் பக்கத்தில் உட்கார்ந்தான். "அக்கா இருந்திருந்தா முதல்ல நம்ம ரெண்டு பேரையும் வேரோட பிடுங்கி எறிஞ்சிருப்பா. அழுகல் ஒண்ணு வயல்ல கிடந்தாலே தாம்தூம்னு குதிப்பாளே" என்றான்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. "உன்னைத்தான் எறிவா. எனக்கு வேற தண்டனை. பேச மாட்டா."

சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார். மைத்துனன் வேறு பக்கம் பார்த்தான்.

பிறகு அவர் எழுந்து மண்வெட்டியை எடுத்தார்.

அவளுக்கு நேராக நட வராது. வரிசை வளைந்து வளைந்துதான் போகும். ஆனால் கடைசியில் அது வளையவும் இல்லை. இடைவெளி குறைந்துகொண்டே வந்து, முடிவில் வெங்காயங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிக் கிடந்தன. அடுத்த அடி எடுத்து வைக்க முடியாமல், உட்கார்ந்த இடத்திலேயே நட்டிருக்கிறாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "வேலை முடிஞ்சுது" என்று மட்டும்தான் சொன்னாள்.

மண்ணோடு தோண்டித் தோண்டிச் சாக்கில் போட்டார். மைத்துனன் சாக்கின் வாயை விரித்துப் பிடித்திருந்தான். எல்லாம் சொதசொதவென்று கையில் உடைந்தது. ஒன்றே ஒன்று மட்டும் கெட்டியாக, தோல் மினுமினுக்க வந்தது. அவர் அதைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மைத்துனன் கையை மட்டும் நீட்டினான்.

"இது நல்லாத்தான்டா இருக்கு."

நீட்டிய கை அப்படியே இருந்தது. அவர் எடுத்துக் கொடுத்தார். மைத்துனன் கத்தியால் இரண்டாகப் பிளந்தான். உள்ளே, வேர்ப்பக்கமிருந்து நடுக்குருத்து வரை பழுப்பாக ஒரு வழி போயிருந்தது. அதன் முனையில் புழு அசைந்தது.

இரண்டு பாதிகளையும் அவரே வாங்கிச் சாக்குக்குள் போட்டார்.

"கட்டு மாப்ளே," என்றார். "நல்லா இறுக்கிக் கட்டு."