முப்பத்திரண்டு புளியங்கொட்டைகள்

மலேசியாவில் கேரி தீவுக்குப் போகும் வழியிலிருந்த அந்தக் கம்பத்தில், அந்தச் சிற்றூரில், எந்தக் காரியமானாலும் முதல் வார்த்தை சபாபதியுடையது. காட்டை வெட்டி ஊரை உண்டாக்கியவர் அவருடைய தகப்பனார். எண்பத்து நான்காம் ஆண்டு, மாவட்ட அலுவலகம் பாலர் பள்ளி கட்டித் தருவதாகச் சொன்னதும் சபாபதி மனத்துக்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டார். ஆற்றோரத்து அரை ஏக்கரை அவர் தருவார். பள்ளிக்குத் தகப்பனார் பெயர் வைப்பார்கள்.

ஆனால் வந்த அதிகாரி இராமலிங்கம், "இடத்த ஊருதான் சொல்லணும் ஐயா" என்று சொல்லி, கோயில் வாசலில் சுண்ணாம்பால் கம்பத்தின் படத்தை வரைந்தார். வீட்டுக்கொரு புளியங்கொட்டை கொடுத்தார். பள்ளி எங்கே வேண்டுமோ, படத்தில் அங்கே அதை வைக்க வேண்டும்.

சபாபதி விறைப்பாக நடந்துபோய் முதல் கொட்டையைத் தம் அரை ஏக்கரில் வைத்தார். பின்னால் வந்தவர்களும் சாமிக்குப் பூப்போடுவதுபோல வரிசையாக அங்கேயே வைத்தார்கள். முப்பத்திரண்டும் ஒரே குவியல்.

"இப்படி ஒத்துமையான கம்பத்த நான் பாத்ததே இல்ல லா!" என்றார் அதிகாரி.

சபாபதியின் நெஞ்சு நிமிர்ந்தது. அப்போது பவுனம்மாள் பக்கத்தில் நின்றவளிடம் முணுமுணுத்தது காதில் விழுந்தது. "பிள்ளைங்களுக்குச் சிலேட்டோட ஒரு துடுப்பும் வாங்கிக் கொடுத்துடலாம்."

"என்னம்மா சொன்ன?"

"ஒண்ணுமில்லீங்க."

"சத்தமா சொல்லு."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "வருஷக் கடைசி மழையில அந்த எடத்துல முட்டிவரைக்கும் தண்ணி நிக்குது. ஊருக்கே தெரியும். உங்களுக்கும் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் அங்க வச்ச?"

"நீங்க வச்சுட்டீங்களே! அதுக்கப்புறம் யாரு மாத்தி வைக்கிறது?"

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். சபாபதியின் காது மடல் சுட்டது. எதிர்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். ஆனால் மழைக்கு மழை பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கும் தாய்மார், பள்ளிச் சுவரில் இருக்கும் தகப்பனார் பெயரைச் சொல்லித்தானே திட்டுவார்கள்?

"எல்லாரும் அவங்கவங்க கொட்டைய எடுங்க. இந்தத் தடவ நான் கடைசி" என்றார். கோயிலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

முதுகுக்குப் பின்னால் கொட்டைகளைப் பொறுக்கும் சலசலப்பு கேட்டது. பிறகு ஊர் வாய் திறந்தது.

"கோயில் பின்னாடி மேட்டுல வை."

"மேட்டுக்குப் போக லோரி ரோட்டத் தாண்டணுமே?"

"அப்ப பாலன் கடப் பக்கம் வைப்போம்."

"அங்க வச்சா பிள்ளைங்க படிக்குமா, மிட்டாய் தின்னுமா?"

அரை மணி நேரம் சண்டை. இந்த ஊருக்கு இவ்வளவு பேசத் தெரியும் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

திரும்பிப் பார்த்தபோது மேட்டில் இருபத்தேழு, கடைப் பக்கம் நான்கு. சபாபதி முழங்கால் நெட்டி முறியக் குனிந்து, தம்முடையதையும் மேட்டில் வைத்தார்.

"அப்ப என் அரை ஏக்கரு?"

"வாத்து வளக்கலாங்க ஐயா" என்றாள் பவுனம்மாள். ஊரோடு சேர்ந்து சபாபதியும் சிரித்துவிட்டார்.

அதிகாரி குறித்துக்கொண்டார். "பள்ளிக்கு என்ன பேரு ஐயா?"

தகப்பனார் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"அதையும் ஊரையே கேளுங்க. நான் டீ குடிச்சிட்டு வரேன்."

பத்தடி போவதற்குள் பின்னால் மறுபடி சச்சரவு தொடங்கிவிட்டது. அவர் முதுகு வளையாமல், திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.