பிரிவு வேண்டாம்

தமிழில் 'பிரிவு' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருப்பது எனக்கு முப்பத்திரண்டு வயதில்தான் உறைத்தது. அதை உறைக்க வைத்தது ஒரு துவாய்க் கொம்பனி.

1995இல் நான் ரொறன்ரோவில், மில்லிக்கனில், ஸ்ரீல்ஸ் வீதிக்குக் கிட்ட இருந்த அந்தக் கொம்பனியில் வேலை செய்தேன். ஹோட்டல்களுக்குக் குளித்துத் துடைக்கிற துவாயும் படுக்கைவிரிப்பும் விற்கிற இடம். அலுவலகமும் சரக்கு வைக்க ஒரு சின்ன வெயாஹவுஸும் இங்கே. பெரிய வெயாஹவுஸ் மொன்றியலில். அங்கே இருபத்தாறு பேர் மடித்துப் பெட்டி கட்டினார்கள். அதில் பதினேழு பேர் யாழ்ப்பாணத்துப் பெண்கள். அவர்களில் ஒருத்தி என் அக்கா தவமணி.

கனடாவுக்கு வந்து நான்கு வருடம் அக்கா வீட்டில்தான் இருந்தேன். பிரெஞ்சு வகுப்புக்கு என்னைத் துரத்தித் துரத்தி அனுப்பியவள் அவள்தான். முதலாளி வோக்கர் ஒருநாள் மொன்றியலுக்கு வந்தபோது, "மை பிறதர், பிரெஞ்ச், இங்கிலிஷ், எல்லாம்" என்று என்னை முன்னால் தள்ளிவிட்டவளும் அவள்தான். அப்படித்தான் நான் ரொறன்ரோவுக்கு வந்து, கியூபெக் ஹோட்டல்களின் தொலைபேசிக்குப் பதில் சொல்லுகிற ஆளானேன். மொன்றியல் பெண்களுக்கு எதையாவது தமிழில் எழுதி ஒட்டவேண்டுமென்றாலும் நான்தான். 'துவாய்ப் பிரிவு', 'விரிப்புப் பிரிவு' என்று பலகைகூட எழுதிக் கொடுத்திருந்தேன்.

அக்கா கனடியன் சிற்றிசன். எனக்கு நிரந்தரமாக இருக்க விடுகிற லாண்டட் பேப்பரே வந்திருக்கவில்லை. ஆகவே ஊரில் இருந்த ஐயாவையும் அம்மாவையும் கூப்பிட அக்காதான் ஸ்பொன்சர் போட்டிருந்தாள். அதற்கு அவளுடைய சம்பளம் வேண்டும். வருகிற பெப்ரவரியில் கொம்பனியிடமிருந்து புதிதாக ஒரு வேலைக் கடிதம் வாங்கிக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு கடிதத்தில்தான் எங்கள் வீடு முழுக்கத் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த வருடம் ஒக்ரோபர் முப்பதாம் திகதி, மொன்றியல் இருக்கிற கியூபெக் மாகாணத்தில் சர்வசன வாக்கெடுப்பு. கனடாவை விட்டுப் பிரிய 'ஓம்', வேண்டாமென்றால் 'இல்லை'. பார்த்த இடமெல்லாம் அதே கதை. பிரிந்தால் டொலர் விழுமாம், பென்சனை யார் கொடுப்பதாம், எல்லையில் கோர்ன்வோலில் லொறிகளை மறித்துப் பாஸ்போட் கேட்பார்களாம். எங்கள் சனம் இன்னும் வேடிக்கை. மத்தியானம் ஈழத்துக்குக் கூட்டம் போட்டுக் கைதட்டிவிட்டு, பின்னேரம் கோப்பிக் கடையில் இருந்து, "இந்தப் பிரெஞ்சுக்காரருக்கு என்ன கேடு, ஒற்றுமையாய் இருந்தாலென்ன" என்பார்கள். நானும் அப்படிச் சொன்னவன்தான். எனக்கு வெட்கமாகக்கூட இருக்கவில்லை.

அக்காவுக்கு இருந்தது.

"எங்களுக்கு வேணும் எண்டு கேக்கிறதை அவைக்கு வேண்டாம் எண்டு நான் எப்பிடிச் சொல்றது? நான் 'ஓம்' எண்டுதான் போடப்போறன்" என்றாள் தொலைபேசியில்.

"அக்கா, விசர்க்கதை கதையாதேங்கோ. அவங்கள் பிரிஞ்சா வோக்கர் வெயாஹவுஸை மூடிடுவான். 'இல்லை' வெண்டா ஒண்டும் அசையாது. நான் இஞ்சை ஒஃபீஸுக்குள்ளையே இருக்கிறன், எனக்குத் தெரியாதே?"

"வடிவாத் தெரியுமோ?"

"சத்தியமாய்."

செப்ரெம்பர் மாதம் வோக்கர் என்னைக் கூப்பிட்டு மொன்றியல் பெண்களுக்கு ஒரு சுவரொட்டி எழுதச் சொன்னார். பிரிவினையை எதிர்த்து, தமிழில், பெரிய எழுத்தில். நான் வலு கவனமாக எழுதினேன்: 'பிரிவு வேண்டாம்.' கீழே சின்னதாக, 'வேலை நிலைக்க, இல்லை என்று வாக்களிப்போம்.' ஃபக்ஸில் அனுப்பி அரைமணித்தியாலம் ஆகவில்லை, பேர்ணடெற் அன்ரி போன் அடித்தா. பாசையூர்க்காரி, துவாய் மடிக்கிறவ, வாய்க்குப் பூட்டில்லாத மனுசி.

"தம்பி, எந்தப் பிரிவு வேண்டாமாம்? துவாயோ, விரிப்போ? நாங்கள் இஞ்சை ஆளையாள் பாத்துக்கொண்டு நிக்கிறம்."

பின்னால் எல்லாப் பெண்களும் சிரிக்கிற சத்தம் கேட்டது. நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். இரண்டு கிழமையாக வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் இந்தப் பகிடியைச் சொன்னேன்.

அதே செப்ரெம்பரில் மில்லிக்கன் வெயாஹவுஸின் பின்பக்கம் புதிதாகச் சரக்குத் தட்டுகள் அடித்தார்கள். தரையிலிருந்து கூரை வரை, நான்கு வரிசை. எதற்கு என்று கேட்டேன். டிசெம்பர் நத்தார்ப் பண்டிகைச் சரக்குக்கு என்றார்கள். நத்தாருக்கு ஹோட்டல்கள் அவ்வளவு துவாய் வாங்குவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் தெரிந்ததை யோசித்துப் பார்க்கிற மனம் அன்றைக்கு வரவில்லை.

வாக்கெடுப்புக்கு மூன்று நாள் முன்னம், வெள்ளிக்கிழமை, கனடா முழுவதிலுமிருந்து சனம், பிரியவேண்டாம் என்று கேட்க மொன்றியலில் கூடியது. கொம்பனியும் ஒரு பஸ் பிடித்தது. சம்பளத்தோடு லீவு, ஆளுக்கு ஒரு கொடி, ஒரு சான்ட்விச். ஒக்ரோபர் குளிரில் சதுக்கம் நிறையச் சனம். மொன்றியல் பெண்களும் வந்திருந்தார்கள். வோக்கர் கண் கலங்கி ஒவ்வொருத்தராகக் கட்டிப்பிடித்தார். "போகாதீர்கள், உங்களை நேசிக்கிறோம்" என்று அக்காவையும் கட்டிப்பிடித்தார். அக்கா கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மரம்போல நின்றாள்.

"உந்த மனுசன் ஏன் என்னைக் கட்டிப்பிடிக்குது?" என்று பிறகு காதுக்குள் கேட்டாள். ஆனால் முகம் மாறியிருந்தது. அந்தச் சனத்தையே பார்த்தபடி சொன்னாள்:

"தம்பி, நாங்கள் இருந்த இடமெல்லாம் 'போ' எண்டுதான் சொன்னவங்கள். இந்தச் சனம் பஸ் பிடிச்சு வந்து 'போகாதை' எண்டு கேக்குது. அப்பிடிக் கேக்கிறவையை எப்பிடி விட்டிட்டுப் போறது? நான் 'இல்லை' எண்டே போடுறன்."

எனக்குப் பெருமை. என் பேச்சும் வோக்கரின் கட்டிப்பிடிப்பும் சேர்ந்து ஒரு வாக்கை மாற்றிவிட்டன என்று பஸ்ஸில் திரும்பும்போது நினைத்தேன்.

'இல்லை' வென்றது. ஐம்பத்து நாலாயிரம் வாக்கு, மயிரிழை. தோற்ற பக்கத்துத் தலைவர் காசாலும் இனக்குழுக்களின் வாக்காலும் தோற்றோம் என்று சொல்லிவிட்டார். எட்டு வருடமாக அக்காவுக்கு 'பொன்ஜூர்' சொன்ன பேக்கரிக்காரி அடுத்த நாள் பாணை மேசையில் போட்டுவிட்டு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டாளாம்.

"நான் போட்டது இவளுக்கு எப்பிடித் தெரியும்?" என்று அக்கா கேட்டாள்.

"தோலைப் பாத்துத்தான். விடுங்கோ, வேலை இருக்குத்தானே" என்றேன்.

அதே முப்பதாம் திகதிதான், இராணுவம் வருகிறதென்று யாழ்ப்பாணம் காலியானது. ஐயாவும் அம்மாவும் நடந்தே கொடிகாமம் போய் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள் என்று பத்து நாள் கழித்துக் கொழும்பிலிருந்து செய்தி வந்தது. அக்கா அழவில்லை. "பெப்ரவரிக் கடிதத்தை இப்பவே கேட்டு எடுப்பமோ?" என்று மட்டும் கேட்டாள். நான் வோக்கரிடம் கேட்பதாகச் சொன்னேன்.

கேட்கப் போன அன்றே அவர் ஒரு ஃபைலை என்னிடம் நீட்டினார். மொன்றியல் டிவிஷன் ஜனவரி முப்பத்தொன்றுடன் மூடப்படுகிறது. அறிவித்தலைப் பிரெஞ்சிலும் தமிழிலும் எழுதித் தரவேண்டும். சரக்கு முழுக்க மில்லிக்கனுக்கு வரும்.

நின்றபடியே புரட்டினேன். அடியில் வெயாஹவுஸ் கட்டடச் சொந்தக்காரருக்கு எழுதிய பிரெஞ்சுக் கடிதத்தின் பிரதி இருந்தது. ஜனவரிக்குப் பிறகு குத்தகையைப் புதுப்பிக்கமாட்டோம் என்று இரண்டே வரி. திகதி, செப்ரெம்பர் பன்னிரண்டு.

விரல் விட்டு எண்ணினேன். பஸ்ஸுக்கு நாற்பத்தைந்து நாள் முன்னம்.

"அப்பவே முடிவு செய்துவிட்டீர்களா?" என்று கேட்டேன்.

"எந்தப் பக்கம் வென்றாலும் இனி அங்கே முதல் போட முடியாது. அடுத்த முறை இன்னொரு வாக்கெடுப்பு வரும். வங்கிக்கு நிச்சயம் வேண்டும்."

"அப்ப பஸ்? சுவரொட்டி?"

வோக்கர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். உண்மையாகவே எனக்கு விளங்கவில்லையே என்ற பரிதாபம். "அது நாடு, மகேஷ். இது வியாபாரம்." பிறகு குரலைத் தணித்து, இங்கே பெரிதாகிற வெயாஹவுஸுக்கு ஒரு சுப்பர்வைசர் தேவை, உன்னைத்தான் நினைத்திருக்கிறேன் என்றார். அக்காவின் கடிதத்தைப் பற்றியும் கேட்டேன். ஜனவரிக்குப் பிறகு வேலை இருக்கும் என்று எழுத முடியாது, அது பொய்க் கடிதமாகிவிடும் என்றார். பொய்க்கு அவர் அவ்வளவு பயந்த மனுசன்.

என் மேசையில் வந்து இருந்தேன். அந்த ஃபைலை அவர் முகத்தில் எறிந்திருக்கவேண்டும். எறியவில்லை. லாண்டட் பேப்பருக்கு எனக்கும் வேலை வேண்டும் என்று அன்றைக்கு எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். தமிழில் எழுதத் தொடங்கினேன். டிவிஷனுக்கு என்ன சொல்? சம்பளத் துண்டிலும் பலகையிலும் இத்தனை நாள் நான் எழுதி வந்தது ஒன்றுதான். 'மொன்றியல் பிரிவு மூடப்படும்.' எழுதிவிட்டுப் பேனையை வைத்தேன். 'கிளை' என்று மாற்றிப் பார்த்தேன். மாற்றினாலும் மூடுவது மூடுவதுதானே.

அறிவித்தலை நேரில் வாசிக்கவும் என்னையே அனுப்பினார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரம். பெண்கள் சாப்பாட்டுப் பெட்டிகளோடு இருந்தார்கள். எனக்கு நேர் எதிரே சுவரில் என் கையெழுத்து, ஒரு முழ நீளத்தில்: 'பிரிவு வேண்டாம்.' நான் அதைப் பார்க்காமல் வாசித்தேன்.

முடிந்ததும் பேர்ணடெற் அன்ரிதான் சோற்றுப் பெட்டியை மூடிக்கொண்டு சொன்னா: "எந்தப் பிரிவு எண்டு அண்டைக்கே கேட்டனான். நீ சிரிச்சாய்."

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. நான் போய் அந்தத் தாளைக் கழற்றக் கை வைத்தேன். பின்னால் அக்கா வந்து நின்றாள்.

"விடு. ஏன் கழட்டுறாய்? நீ எழுதிக் கேட்டாய், அவங்கள் செய்து போட்டாங்கள்."

"அக்கா, எனக்கு ஒண்டும் தெரியாது. இப்பதான் தெரியும். என்னையும் ஏமாத்திப் போட்டான்."

அவள் என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் காய்ச்சலா என்று நெற்றியில் கை வைத்துப் பார்ப்பாளே, அப்படி ஒரு பார்வை.

"செப்ரெம்பரிலை போனிலை சொன்னனீ, ஞாபகமே? பின்னுக்குப் புதுத் தட்டு அடிக்கினம், கூரை மட்டும் எண்டு. எனக்கு அண்டைக்கே திக்கெண்டது. அந்தளவு தட்டுக்கு எங்கையிருந்து சரக்கு வரும் எண்டு யோசிச்சனான். ஆனா என்ரை தம்பி உள்ளுக்கை இருக்கிறான், சத்தியம் பண்ணுறான், பிறகென்ன எண்டு பேசாமல் இருந்திட்டன். எனக்கே விளங்கினது உனக்கு விளங்கேல்லையோ?"

வோக்கர் என்னை ஏமாற்றினார் என்பது உண்மை. அதற்கு முதலே நான் என்னை ஏமாற்றிக்கொண்டேன் என்பதும் உண்மை. அந்த இரண்டாவதை அக்காவிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை.

"கடிதம்?" என்று கேட்டாள்.

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"சரி" என்றாள். சாப்பாட்டு நேரம் முடிந்தது. துவாய் மடிக்கப் போய்விட்டாள்.

சுப்பர்வைசர் வேலையை நான் எடுத்தேன். எடுத்தேன் என்றுதான் சொல்லவேண்டும், தந்தார்கள் என்று சொன்னால் அதுவும் ஒரு பொய். பெப்ரவரி முதல் கிழமை கடைசி லொறி வந்தது. பெட்டி கட்டுகிறவர்கள் மூலையில் தங்கள் முதல் எழுத்தைப் போடுவது வழக்கம். அக்கா எப்போதும் 'த' என்று போடுவாள். அந்த நான்கு வரிசைத் தட்டிலும் 'த', 'பே', 'ம' என்று நானே பெட்டிகளை ஏற்றினேன்.

'த' போட்ட கடைசிப் பெட்டியின் ஒட்டுநாடா பாதி கிழிந்திருந்தது. திறந்தேன். துவாய்களுக்கு மேலே என் சுவரொட்டி, துவாய் மடிக்கிற அதே மடிப்பில், ஓரம் ஓரமாகச் சேர்த்து மடித்து வைத்திருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. அன்றைக்கே அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

ஐயாவும் அம்மாவும் கொடிகாமத்துப் பள்ளிக்கூடத்திலேயே இருந்தார்கள். அவர்களைப் பற்றிய செய்தி அதன்பிறகு எனக்கு அக்காவிடமிருந்து வரவில்லை. கொழும்பில் இருக்கிற யாரோ ஆட்களிடம்தான் கேட்டு அறிந்தேன்.