கல்லுக்கு அடியில்

நோர்வூட் கடைத்தெருவில் இன்னும் ஒரு கதவும் திறக்கவில்லை. அதற்கு மேலே, சரிவில் இருந்த சாரா உம்மாவின் வீட்டுப் பாதையில் ஆறு பேர் கல் சுமந்துகொண்டிருந்தார்கள். பாதையில் பதித்து மழையில் சரிந்த இன்டர்லொக் கற்கள், ஓரத்தில் தண்ணீர் ஓடும் கானுக்குள் குவிந்து கிடந்தன. அவற்றைப் பொறுக்கி, சேறு கழுவி, ஆறு ஆறாகத் தோளில் ஏற்றி மேலே கொண்டுபோக வேண்டும். சாக்குத்துண்டையும் மீறி ஈரம் முதுகில் இறங்கியது. விரல்கள் மரத்துப்போய்ப் பிடி நழுவியது.

ஆறு பேரில் மூத்தவர் பொன்னையா. அவர்தான் பாஸ், வேலையை நடத்தும் தலைமைக் கொத்தனார். மற்றவர்களைவிட இரண்டு கல் கூடுதலாகச் சுமந்தார். யாரும் அவரைச் சுமக்கச் சொல்லவில்லை.

எட்டு மணிக்கு, அவர்களில் ஒருவனான மதுரன் மனைவி கட்டிக்கொடுத்த ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தான். வழக்கம்போலப் பாதியைப் பிய்த்து நீட்டினான்.

"சாப்பிடுங்கண்ணே. வினோதா சுட்டது."

"கால இப்பிடி வச்சுக்கிட்டா?"

"ஒக்காந்தபடியே சுட்டா."

பொன்னையா ரொட்டியை வாங்கினார். வாயில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். இவன் ஏசியிருந்தால் தாங்கியிருப்பார். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

இந்தப் பாதைக்குக் கல் தெரிவு செய்த நாள் அவருக்கு மறக்கவில்லை. மூன்று வகைக் கல்லை முற்றத்தில் வைத்துத் தண்ணீர் ஊற்றி, சாரா உம்மாவை வெறுங்காலால் மிதித்துப் பார்க்கச் சொன்னார். வழுக்காத சொரசொரப்புக் கல்லை உம்மா தெரிந்தெடுத்தார். "பேரப்புள்ளைகள் ஓடுற எடம் மகன்" என்றார். அடியில் ஒரு சாண் சல்லிக்கல் இடித்துப் போடுவோம், அதன் மேல் இரண்டு விரல் மணல், சரிவின் ஓரத்துக்குக் கொங்கிரீட் கட்டு என்று பொன்னையா விளக்கினார். பாசி பிடிக்க விடக்கூடாது, இடுக்கு மணல் கரைந்தால் மறுபடி பெருக்கிவிட வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுத்தார்.

"எனக்கென்ன தெரியும் மகன்? ஒங்க கையில விட்டுட்டேன்."

மறுநாள், வேலையை ஒப்பந்தம் எடுத்த முதலாளி ஜீவராஜ் வந்தார். அவரும் இதே மலையில் தோட்டத் தொழிலாளர் லயத்துக் காம்பராவில் பிறந்தவர்தான்.

"சல்லி லொறி வராது பொன்னையாண்ணே. மண்ணுக்கு மேல மணலப் பரப்பி அடுக்கிருங்க. ஓரத்துக் கட்டும் வேணாம். மேலருந்து பாத்தா எல்லாம் ஒண்ணுதான். அடுத்த மாசம் நுவரெலியா ஹோட்டல் வேலைக்கு நீங்கதான் பெரிய பாஸ்."

பொன்னையா தலையாட்டினார். கேள்வி கேட்டது, அப்போது கூடவே வேலை செய்த வினோதா ஒருத்திதான்.

"பாஸண்ணே, சல்லி இல்லாம இந்தச் சரிவுல கல்லு நிக்காதுங்களே?"

"ஒன் வேலையப் பாரு."

பாதை போட்டு மூன்று வாரம் கழித்து இடுக்குகளுக்கு மணல் பெருக்க வந்தவளும் அவள்தான். விளக்குமாறோடு அவள் நின்ற வரிசை மழை ஈரத்தில் அப்படியே கீழே சரிந்தது. கணுக்கால் இரண்டு கல்லுக்கு நடுவே நசுங்கியது.

அன்று எல்லார் முன்னாலும் ஜீவராஜ் கேட்டார்: "மண்ண இறுக்குற கம்பெக்டர் மெஷின ஒழுங்கா ஓட்டாம விட்டது அந்தப் பொம்பளதானே பாஸ்?"

பொன்னையா தரையைப் பார்த்தபடி, "ஆமாங்க" என்றார்.

அந்த ஒரு சொல்லால் அவளுக்கு வைத்தியச் செலவு இல்லை என்றானது. மற்ற ஆறு பேரும் சம்பளமில்லாமல் வேலையைத் திருப்பிச் செய்ய வேண்டியதாயிற்று.

ஒன்பது மணிக்கு ஜீவராஜின் வேன் வந்து நின்றது. சாரா உம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"பயப்படாதீங்க உம்மா, மறுபடி போட்டுத் தாறோம்" என்றார் ஜீவராஜ். "ஒரு ஆளோட சோம்பேறித்தனம். அவள நிப்பாட்டியாச்சு."

மதுரன் கையிலிருந்த கல்லை மெதுவாகக் கீழே வைத்தான்.

சாரா உம்மா ஜீவராஜைப் பார்க்கவில்லை. "நீங்க சொல்லுங்க மகன். அந்தப் புள்ளையாலயா இது?"

பொன்னையாவுக்குக் காது சுட்டது. நெம்பும் அலவாங்கை எடுத்துக்கொண்டு, பாதையில் சரியாமல் அழகாக நின்ற மேல்பகுதிக்கு நடந்தார்.

"ஒரு கல்ல எடுக்கட்டுங்களா உம்மா?"

"எடுங்க."

முதல் கல் லேசில் வரவில்லை. நெம்பி நெம்பி அது வந்த பிறகு பக்கத்துக் கற்கள் கையோடு வந்தன. மணலை வழித்தார். அடியில் கறுப்பு மண். அதில் பழைய தேயிலை வேர் ஒன்று நீண்டு கிடந்தது. அலவாங்கை நிறுத்தினார். அது தன் பாரத்திலேயே மண்ணுக்குள் இறங்கியது.

"சல்லி இல்லீங்க உம்மா. முதலாளி வேணாம்னாரு, நான் சரின்னேன். சல்லி இல்லாம நிக்காதுன்னு சொன்னது வினோதாதான். நான் அவ வாய அடைச்சேன். பொறகு பழியயும் அவ தலையில போட்டேன்."

"பொன்னையாண்ணே, யோசிச்சுப் பேசுங்க" என்றார் ஜீவராஜ். "ஹோட்டல் வேல..."

"வேணாங்க."

"அப்போ எறங்குங்க எல்லாரும். நாளைக்கே ஹட்டன்லருந்து வேற ஆள் கொண்டாருவேன்."

"கொண்டாங்க" என்றான் மதுரன். "அவங்களும் இந்தக் குழியப் பாக்கட்டும். சல்லி வரணும். எங்க நாள் சம்பளம் வரணும். ஆஸ்பத்திரிச் செலவ நீங்க பாக்கணும். தப்பு அவமேல இல்லன்னு லயத்துக்கு வந்து அவகிட்டயே சொல்லணும். அதுவரைக்கும் இங்க ஒரு கல்லும் பதிய விடமாட்டோம்."

அவன் கல் குவியல் மேல் உட்கார்ந்தான். மற்ற நான்கு பேரும் வந்து உட்கார்ந்தார்கள்.

"இது என்ன கூத்து? அடுத்தவங்க வீட்டு வாசல்ல!"

"என்ட வாசல் தானே" என்றார் சாரா உம்மா. "வெலயக் கொறைங்க, கொறைங்கன்னு நின்னதும் நான்தான். எனக்கும் வெக்கமா ஈக்குது. அவங்க இருக்கட்டும்."

ஜீவராஜ் வேன் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார்.

மதுரன் பொன்னையா பக்கம் திரும்பினான். "எங்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்கண்ணே. அவகிட்ட சொல்லுங்க."

மத்தியானம் ஆறு பேரும் லயத்துக்கு ஏறினார்கள். வினோதா மாவுக்கட்டுக் காலைப் பலகைமேல் நீட்டி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பொன்னையா வாசற்படிக்கு வெளியிலேயே நின்று, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். புடைக்கும் சத்தம் நின்றது.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?" என்றாள்.

"சொல்லியிருக்கணும்."

அவள் முறத்தை ஓரமாக வைத்தாள். பிறகு கேட்டாள்: "இப்ப வேல?"

"நிப்பாட்டிட்டோம்" என்றான் மதுரன். "ஆறு பேரும்."

"ஏழு பேரு. காலைல என்னையும் தூக்கிட்டுப் போங்க. கல்லுமேல ஒக்காற எனக்கு எதுக்குக் காலு?"

யாரோ சிரித்தார்கள். பொன்னையாவால் சிரிக்க முடியவில்லை.

மறுநாள் விடியும்போது, பனி மூடிய ஒற்றையடிப் பாதையில் வினோதாவை உட்காரவைத்த ஒரு பிளாஸ்டிக் கதிரை இறங்கியது. கதிரையின் முன்காலைப் பொன்னையா தோளில் வாங்கியிருந்தார். கீழே ஹட்டன் பக்கமிருந்து லொறி முனகிக்கொண்டு ஏறும் சத்தம் கேட்டது. அதில் வருவது சல்லியோ, வேறு ஆட்களோ தெரியவில்லை.

"பாஸண்ணே, ஒங்க பக்கம் சாயுது" என்றாள் வினோதா மேலிருந்து. "நேராப் புடிங்க."

"சரி தாயி" என்று தோளை உயர்த்திக்கொடுத்தார் பொன்னையா.