இடது பட்டன்

ஐந்து மணிக்குள் பிரீஃப் போயாக வேண்டும் என்று வாசுதேவன் சார் காலையிலிருந்து மூன்று முறை சொல்லிவிட்டார். பிரீஃப் என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பயிற்சிப் படத்தை யார் பார்க்கப் போகிறார்கள், இப்போது என்ன தவறு செய்கிறார்கள், பார்த்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று படம் எடுப்பவர்களுக்கு நாம் எழுதிக் கொடுக்கும் நாலு பக்கம், அவ்வளவுதான். புனே பக்கம் போசரியில் கார் உதிரிபாகம் செய்யும் எங்கள் தொழிற்சாலையில் பயிற்சிப் பிரிவு என்று பெயர்ப்பலகை தொங்கும் அறையில் இருப்பது நான் ஒருத்திதான்.

இரண்டாவது கேள்வியில் மாட்டிக்கொண்டேன். இப்போது என்ன தவறு செய்கிறார்கள்?

அதற்கு விடையையும் வாசுதேவன் சாரே எழுதிக் கொடுத்திருந்தார். ஆபரேட்டர் தன் அலட்சியத்தால் இடது பட்டனில் டேப் ஒட்டி பிரஸ்ஸை இயக்கினார். ஆபரேட்டர் என்றால் அமல்ராஜ். பிரஸ் மெஷினில் இரண்டு பட்டன் உண்டு. இரண்டையும் இரண்டு கையால் அமுக்கினால்தான் மேலிருந்து அச்சு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் உள்ளே நசுங்கக் கை கிடையாது. அமல்ராஜ் இடது பட்டனை டேப்பால் அழுத்தி ஒட்டிவிட்டு, காலியான இடது கையால் தகட்டை எடுத்துக்கொண்டிருந்தான். மூன்று வாரத்துக்கு முன்னால் அந்தக் கையில் மூன்று விரல் போயிற்று. அவன் வேலையில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. நாளை காலை பத்து மணிக்கு விசாரணை. அலட்சியம் என்று முடிவானால் வேலையும் போகும்.

"ரெண்டே லைன்மா," என்றார் வாசுதேவன் சார். எங்கள் பர்சனல் மேனேஜர். முப்பது வருடமாகப் புனே. "விசாரணைல இதையும் வெப்போம். கம்பெனி துரந்த், உடனடியா ஆக்‌ஷன் எடுத்துடுத்துன்னு தெரியணும். நம்ம ஊர்ப் பொண்ணு நீ, உன்னை நம்பித்தானே குடுத்திருக்கேன்."

காரியம் ஆக வேண்டுமென்றால் மட்டும் எல்லோருக்கும் நான் நம்ம ஊர்ப் பொண்ணு.

சீட்டுக்குத் திரும்பினால் கேட்டிலிருந்து போன். அமல்ராஜின் மனைவி ஆரோக்கியமேரி. தேஹு ரோட்டிலிருந்து வந்து பதினோரு மணியிலிருந்து வெயிலில் நிற்கிறாளாம். செக்யூரிட்டி உள்ளே விடவில்லை.

"மேடம், ஒரே ஒரு வாட்டி கேளுங்க. நீங்க போட்டுக் காமிச்ச படத்துல வந்தா மாதிரிதான் பண்ணேன்னு அவரு சொல்றாரு. எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு. யாரும் எழுதிக்க மாட்டேங்கறாங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எந்தப் படத்திலயும் அப்படிக் காட்ட மாட்டோம்மா," என்று சொல்லி வைத்துவிட்டேன். கஷ்டத்தில் இருப்பவர்கள் கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

மூன்றரைக்கு ஷ்ரேயஸ் பேசினான். இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் பழைய படத்தை எடுத்தவன். கோந்த்வாவில் சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறான். "மேம், லாஸ்ட் டைம் நீங்க குடுத்த பிரீஃப் மெயில் பண்ணிருக்கேன். அதையே பேஸ் வெச்சுக்கலாம்ல? டைம் பச் ஜாயேகா, நேரம் மிச்சம்."

திறந்தேன். கடைசிப் பக்கத்தில் ஸ்ரீரஞ்சனி என்று என் கையெழுத்து. ஏழாவது காட்சியில் நான் எழுதியிருந்தது இது: உதிரிபாகம் தெளிவாகத் தெரிய வேண்டும், ஆபரேட்டர் இடது கையால் அதைக் கேமராவுக்கு உயர்த்திக் காட்டவும், பச்சை விளக்கு எரிவதற்காக இடது பட்டனை டேப் போட்டு வைக்கவும்.

அந்த நாள் அப்படியே நினைவுக்கு வந்தது. மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான் படம் எடுத்தோம். விளக்குக்கு மட்டும் கரண்ட். இரண்டு பட்டனும் அமுங்கினால்தான் அது எரியும் என்பதால் டேப் ஒட்டச் சொன்னேன். மெஷின் சத்தத்தை ஷ்ரேயஸ் பிறகு சேர்த்தான். அங்கே நின்ற எல்லோருக்கும் அது தெரியும். பார்க்கப் போகிறவனுக்குத் தெரியாது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

படத்தை ஓட்டிப் பார்த்தேன். நாலாவது நிமிடம். வலது கை பட்டனை அமுக்குகிறது, இடது கை பளபளவென்று ஒரு தகட்டைத் தூக்கிக் காட்டுகிறது, பச்சை விளக்கு எரிகிறது. இடது பட்டன் மேல் நீல டேப். சரியான முறை என்று பின்குரல் சொல்கிறது. லோகோ சின்னதாக இருக்கிறது என்று இந்தப் படத்தை இரண்டு முறை திருப்பி அனுப்பியவள் நான். டேப் என் கண்ணில் படவே இல்லை.

ஷ்ரேயஸைக் கூப்பிட்டேன். "இந்த பிரீஃப் வேற யார்கிட்ட இருக்கு?"

ஏழாவது காட்சியை அவனும் படித்திருக்க வேண்டும். "நம்ம ரெண்டு பேர்கிட்டதான் மேம். வேணும்னா நான் டிலீட் பண்ணிடறேன்."

பொய் சொல்லமாட்டேன், ஆசையாக இருந்தது. என் கணவர் முரளியை ஜனவரியில் ஐடி கம்பெனி வீட்டுக்கு அனுப்பிவிட்டது. இப்போது வீட்டில் வேலைக்குப் போகிறவள் நான் மட்டும்தான். இரண்டு வரி எழுதினால் போதும், பழைய படமும் இந்தக் காகிதமும் இருந்த இடம் தெரியாமல் போகும். அமல்ராஜும் போவான்.

"பண்ணாதே," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன்.

வாசுதேவன் சாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். படித்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இது உன் கையெழுத்துமா. உன்னைக் காப்பாத்தத்தான் சொல்றேன். ரெண்டு லைன் எழுதி அனுப்பிட்டு ஆத்துக்குப் போ."

"அவன் நாம காட்டினதைத்தான் செஞ்சிருக்கான் சார்."

"அதை நாளைக்கு நீ சொன்னா, நாளான்னிக்கு உனக்கு இங்க சீட் இருக்காது. என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

சீட்டுக்கு வந்தேன். இரண்டாவது கேள்விக்கு நேராக எழுதினேன்: நாம் படத்தில் காட்டியபடியே செய்கிறார்கள். பழைய பிரீஃபை இணைத்தேன், விசாரணை அதிகாரிக்கும் ஒரு நகல் போட்டேன், யோசிக்க இடம் கொடுக்காமல் அனுப்பினேன். பிறகு அச்செடுத்துக்கொண்டு கேட்டுக்கு ஓடினேன்.

ஆரோக்கியமேரி சுவரோரம் நின்றிருந்தாள். ஏழாவது காட்சியை விரல் வைத்துக் காட்டித் தமிழில் படித்துச் சொன்னேன். நாளை இதை அமல்ராஜ் கையில் கொடுத்து அனுப்பு என்றேன்.

"யாரு மேடம் இது எழுதினது?"

"நான்தான்."

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். காகிதத்தை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். தொழிற்சாலைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"காலைல புது ஆளுங்க கொஞ்ச பேரு உள்ள போனாங்களே மேடம். அவங்களுக்கும் இதே படத்தத்தான் போடறீங்களா?"

வியாழக்கிழமை நாலரைக்குப் படம் என்று டைம்டேபிள் போட்டதே நான்தான். நான் இல்லாவிட்டாலும் சூப்பர்வைசர் போட்டுவிடுவார். இன்று வியாழன், மணி நாலு முப்பத்திரண்டு.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. செருப்பு ஒன்று வழியிலேயே கழன்றுவிட்டது. பயிற்சி அறையில் பதினோரு பேர். திரையில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வயரைப் பிடுங்கினேன். வாசுதேவன் சார் என் பின்னாலேயே வந்து வாசலில் நின்றார். மெயில் அவருக்கும் போயிருக்கும்.

"இந்தப் படம் தப்பு," என்று இந்தியில் கத்தினேன். "எடுக்கச் சொன்னது நான். இதைப் பார்த்துச் செய்த ஒருவருக்கு மூன்று விரல் போய்விட்டது."

முன்வரிசையில் ஒரு பெண் வலது உள்ளங்கையால் மேசையை அமுக்கிக்கொண்டு, இடது கையைப் படத்தில் வந்த மாதிரியே உயர்த்திப் பிடித்திருந்தாள். செய்து பழகிக்கொண்டிருந்தாள். நான் சொன்னது புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு இடது கையை மெல்ல இறக்கி, மடியில் வைத்து, வலது கையால் மூடிக்கொண்டாள்.