நடுவில் வைக்கும் ஸ்பீக்கர்

சென்டர் ஸ்பீக்கரைத் தான்தான் பொறுக்கப்போவதாக வேம்பு சொன்னபோது பாரி குழாயடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தான். பிரஷ் வாயிலேயே நின்றுவிட்டது. அவசரமில்லாமல் கொப்பளித்து, லுங்கி நுனியால் முகத்தைத் துடைத்து, நாலு எட்டு நடந்து அவள் எதிரில் வந்து நின்ற பிறகுதான் அவன் வாயைத் திறந்தான்.

"நீயா?"

"ஏன், நான் பொறுக்குனா அது பேசாதா?"

"அதுக்கில்ல வேம்பு. கீற ரெண்டு ஸ்பீக்கருக்கும் அது ஜோடி சேரணும். அதுக்குன்னு ஒரு கணக்கு கீது."

"உன் கணக்கு உன்னோட. எனக்கு வசனம் கேக்கணும். போனஸ் என்னுது, பொட்டியும் நான் சொல்றதுதான்."

பாரிக்கு அந்த ஹோம் தியேட்டர் செட் உயிர். பேசின் பிரிட்ஜ் யார்டில் ரயில் பெட்டிகளுக்கு வயரிங் பார்க்கிறவன் நாலு வருஷமாகத் துண்டு துண்டாக வாங்கிச் சேர்த்தது. காலடிப்பேட்டையில் பத்துக்குப் பத்து முன்னறை, டி.வி.க்கு இரண்டு பக்கமும் இடுப்பு உயர ஸ்பீக்கர்கள், கட்டிலுக்கடியில் அடிவயிற்றைக் கலக்குகிற வூஃபர். நடுவில் வைப்பது ஒன்றுதான் பாக்கி. படத்தில் யார் வாய் திறந்து எதைப் பேசினாலும் அந்த நடு ஸ்பீக்கர் வழியாகத்தான் வரும், பாட்டும் சண்டையும்தான் பக்கத்து ஸ்பீக்கர்களுக்கு என்று வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் வகுப்பெடுப்பான். அது இல்லாததால் இப்போதைக்கு வசனத்தையும் பக்கத்து இரண்டுமே பங்குபோட்டுக்கொண்டன. அவனுக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை.

வேம்புவுக்குத் தெரிந்தது. இப்போது வருகிற படத்தில் எல்லாரும் வாய்க்குள்ளேயே பேசுறானுங்க என்பாள். ஊரே அதைத்தான் சொல்வதால் அவள் சொன்னதும் அதோடு சேர்ந்துபோனது. ஞாயிற்றுக்கிழமை படத்தில் பாரி சிரித்தால் அவளும் ஒரு நொடி தள்ளிச் சிரித்துவைப்பாள். ஓசூரில் விடுதியில் தங்கி வேலை பார்க்கும் மகள் உதயாவிடம் வீடியோ காலில்தான் பேசுவாள். முகத்தைப் பார்த்தால்தான் பேசின மாதிரி இருக்கிறது என்பது அவள் சொல்லும் காரணம். அந்தக் காரணத்தை அவளே நம்பினாள்.

போன மாதம் உதயா கம்பெனி பஸ்ஸில் இருந்து சாதா கால் செய்தாள். வேம்பு எடுத்து, இரைச்சலுக்கு நடுவே "சரிம்மா, சரிம்மா, நல்லா சாப்பிடு" என்று சொல்லி வைத்துவிட்டாள். நாலு நாள் கழித்து உதயாவுடன் தங்கியிருந்த பெண் சொல்லித்தான் தெரிந்தது. பிள்ளைக்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல். அம்மாவைக் கிளம்பி வரச்சொல்லிக் கேட்டிருக்கிறது. அதற்கு அம்மா சொன்ன பதில் அது. சிக்னல் சரியில்லை என்று எல்லோரிடமும் சொன்னாள் வேம்பு. உதயா நம்பியதுபோல் இருந்தாலும் ஒரு வாரம் அவள் குரலில் ஓர் ஒட்டாத தன்மை இருந்தது, அதாவது முகத்தில் இருந்தது. அன்றிலிருந்து வேம்புவுக்கு எதையாவது சரிசெய்தாக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். கைக்கு அகப்பட்டது டி.வி.தான்.

ஞாயிறு காலை சோற்றை வடித்து வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். குக்கர் சோறு வயிற்றில் கல் மாதிரி நிற்கிறது என்று எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் பாரி சொன்னான். அன்றைக்குப் பரணில் ஏறிய குக்கர் இன்னும் இறங்கவில்லை. ஷிப்ட் முடிந்து வந்த அலுப்போடு கஞ்சி வடித்துக் கையைச் சுட்டுக்கொள்கிற ஒவ்வொரு முறையும் வேம்பு அவன் வயிற்றைத் திட்டுவாள். அன்றும் திட்டினாள்.

காலித்தின் ஸ்பீக்கர் கடை பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. தரையெல்லாம் கார்ப்பெட், ஜன்னலுக்குக் கறுப்புத் திரை. காலித் சாதுவான ஆள். தன் ஸ்பீக்கர்கள்மேல் பெற்ற பிள்ளைகள் மாதிரி நம்பிக்கை வைத்திருப்பவன். டீ வரவழைத்தான், வேம்புவை நடு சோபாவில் உட்காரவைத்தான், மூன்று பெட்டிகளை வரிசையாக அடுக்கினான். முதலாவது பாரியின் செட்டுக்கு அதே கம்பெனிக்காரன் செய்த ஜோடி. அதைப் பார்த்ததும் பாரியின் முகம் பெண் பார்க்க வந்தவன் முகம்போல் ஆனது.

காலித் போட்டது ஒரு வெளிநாட்டுப் படம், தமிழில் டப்பிங் செய்தது. விண்வெளியில் ஒரு கப்பல், அதற்குள் ஆறு பேர். ஆறு பேரும் திரை நிறைய முகத்தைக் காட்டிப் பேசினார்கள். வேம்பு முன்னால் குனிந்து, புருவத்தைச் சுருக்கி, கண் கொட்டாமல் பார்த்தாள். ஒரு எழவும் விளங்கவில்லை.

"வேணாம். வேற மாட்டு."

இரண்டாவதை மாட்டினான். அதே ஆறு பேர், அதே குழப்பம். மூன்றாவது, பழுப்பு நிறத்தில் பேர் தெரியாத ஒரு கம்பெனிப் பெட்டி. அதையும் ஐந்து நிமிஷம் கேட்டுவிட்டு, "இதுவும் முணுமுணுங்குது தம்பி" என்றாள். காலித்துக்கு முகம் வாடிவிட்டது. பாரி பின்னால் சுவரோரம் நின்றபடி திரையைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"படத்த மாத்திப் பாக்கலாங்க்கா" என்று காலித் ஒரு தமிழ்ப் படத்தைப் போட்டான். ஒரு சமையலறை. குழம்பில் உப்பு அதிகம் என்று புருஷன் ஆரம்பிக்கிறான், உன் நாக்குதான் உப்பு என்று பெண்டாட்டி எகிறுகிறாள். வேம்புவுக்கு ஒவ்வொரு வார்த்தையும் மணி மணியாக விழுந்தது. அவள் தொடையில் தட்டிச் சிரித்தாள், யாருக்காகவும் காத்திராமல் சிரித்தாள்.

"இது! இதத்தான் தேடிகினு இருந்தேன். இது எந்தப் பொட்டி?"

"பொட்டிய மாத்தவே இல்லியேக்கா. இப்ப முணுமுணுங்குதுன்னீங்களே, அதேதான்."

வேம்பு திரும்பி மூன்றாவது பெட்டியைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். அங்கே புருஷன் முதுகைக் காட்டி, குழாயைத் திறந்து, தட்டைக் கழுவிக்கொண்டே என்னவோ சொன்னான். வார்த்தை சட்டென்று அறுந்தது. வெறும் முனகல். அவன் திரும்பினான், வார்த்தை வந்தது. மறுபடி குனிந்தான், போனது.

அவள் வேலை செய்வது திருவொற்றியூரில் பெயிண்ட் டின்னுக்கு மூடி அடிக்கிற கம்பெனி. ஒரே கொட்டகையில் நாற்பது பிரஸ் மிஷின், பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. சேர்ந்த இரண்டாவது மாதமே உதட்டைப் பார்த்துப் பேசப் பழகிவிட்டாள். அங்கே எல்லாப் பெண்களும் அப்படித்தான். கொட்டகையின் அந்தக் கோடியில் நிற்கும் கௌசர் ஒரு சத்தமும் இல்லாமல் மாமியார் கதை முழுவதையும் சொல்வாள், வேம்பு இந்தக் கோடியில் இருந்து பதில் சொல்வாள். மேனேஜரின் கண்ணாடி அறைக்குள் நடக்கும் சண்டையை வெளியில் நின்றே படித்துச் சொல்கிறவள் என்று அவளுக்கு ஒரு கித்தாப்பு உண்டு. இருபத்து மூன்று வருஷம். சத்தத்துக்குக் காதை அடைக்கக் கொடுத்த ரப்பர் வியர்க்கிறது என்று பர்ஸிலேயே கிடந்தது. வருஷா வருஷம் காது டெஸ்ட் எடுக்க வேன் வரும். சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொல்வார்கள். சத்தம் வருமுன் டெஸ்ட் எடுக்கிற ஆளின் கட்டைவிரல் அசையும். அவள் விரலைப் பார்த்து அமுக்கினாள். ஒவ்வொரு வருஷமும் நார்மல். அதைச் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தாள்.

வெளிநாட்டுக்காரன் உதடு ஒரு பாஷையில் அசைகிறது, தமிழ் வேறொரு பக்கம் ஓடுகிறது. உதட்டைப் படிக்கிறவளுக்கு அதில் என்ன கிடைக்கும்? அழுகை வரும்போல் இருந்தது; வரட்டும், வந்தால் வீட்டில் வரட்டும் என்று பல்லைக் கடித்தாள்.

"தம்பி, படத்த அணைச்சிடு. சத்தம் மட்டும் போடு."

"எதுக்குக்கா?"

"போடேன். மூணு பொட்டிக்கும் மூணு சீன். நான் பாக்காத சீனா போடு."

காலித் பாரியைப் பார்த்தான். "சொன்னத போடு காலித்" என்றான் பாரி.

திரை கறுத்தது. வேம்பு கையை மடியில் வைத்து, சுண்டுவிரல் கோட்டில் கட்டைவிரலை நிறுத்தினாள். ஒரு வார்த்தை புரிந்தால் ஒரு கோடு. ஜோடிப் பெட்டியில் மூன்று கோடு நகர்ந்தது. இரண்டாவதில் தாம்தூம் என்று அதிர்ந்ததே தவிர ஒரு கோடும் நகரவில்லை. பழுப்புப் பெட்டியில் முதலில் ஒன்றுமில்லை, அப்புறம் "சாவி" என்றது. "தண்ணி" என்றது. "எப்ப வருவ" என்று ஒரு பெண் கேட்டது முழுசாகவே வந்தது. மோதிர விரல் தாண்டி நடுவிரலுக்குப் போய்விட்டாள். எட்டு வார்த்தை.

"இத கட்டு."

காலித் நேர்மையானவன். "அக்கா, இது அண்ணன் செட்டுக்கு ஜோடி சேராது. ஒருத்தன் நடந்துகினே பேசுனா எடதுல ஒரு குரலு, நடுவுல வேற குரலா இருக்கும்" என்றான். பாரி முதல் பெட்டியின் துணி வலையை ஒரு தரம் தடவிப் பார்த்தான். நாலு வருஷக் கனவு அது. பிறகு கையை எடுத்துக்கொண்டான்.

"அவ சொன்னத கட்டு. நடுவுல கீறது அவளுக்குத்தான்."

பைக்கில் பெட்டி வேம்புவின் மடியில், பாரியின் முதுகை இடித்தபடி வந்தது. டோல்கேட் பக்கம் மெட்ரோ தூண் நிழலில் வண்டி நின்றது. என்ஜினை அணைத்தான், ஹெல்மெட்டைக் கழற்றினான், இடுப்பைத் திருப்பி அவள் முகத்துக்கு நேரே, "டீ குடிக்கலாமா?" என்றான். எப்போதும் இப்படித்தான். ஓட்டிக்கொண்டே பேசத் தெரியாதவன் என்று தங்கச்சி முறைப் பெண்களிடமெல்லாம் அவனைக் கேலி செய்திருக்கிறாள். இன்றைக்குக் கேலி வரவில்லை. அவன் கையிலிருந்த ஹெல்மெட்டையே பார்த்தாள்.

"எப்பலேந்து தெரியும் உனக்கு?"

பாரி தூணைப் பார்த்தான். பிறகு ஞாபகம் வந்தவன்போல் முகத்தை மறுபடி அவள் பக்கம் கொண்டுவந்தான்.

"குக்கரு" என்றான். "எட்டு விசிலு அடிச்சிது. நீ பக்கத்துலயே வெங்காயம் அரிஞ்சிகினு கீற. நான்தான் வந்து அணைச்சேன்."

அவளுக்கு அந்த நாள் நினைவிருந்தது. சோறு களிபோல் ஆகியிருந்தது. ஒரு வார்த்தை சொல்லாமல் தின்றான். மறுநாள்தான் வயிற்றைப் பற்றிச் சொன்னான்.

"அப்ப வயித்துல கல்லு மாரி நிக்குதுன்னது?"

"எனக்கு ஒண்ணும் நிக்கல."

"யோவ்! எட்டு வருசமா கைய சுட்டுகினு கீறேன். வாயத் தொறந்து சொல்ல மாட்டியா?"

"சொன்னா வேலைய வுட சொல்லணும். உதயா படிச்சிகினு இருந்தா. நீயும் ஒத்துக்க மாட்ட, சண்டதான் வரும்." அவன் ஹெல்மெட்டின் வாரை இழுத்துவிட்டான். "மூஞ்சப் பாத்துப் பேசுனா ஆச்சின்னு வுட்டுட்டேன்."

ஒரு டிரெய்லர் லாரி கடந்து போனது. வேம்புவுக்கு அவனை அங்கேயே நாலு அறை விட வேண்டும்போல் இருந்தது. அதே கையால் அவன் தலையை இழுத்து நெஞ்சில் வைத்துக்கொள்ளவும் வேண்டும்போல் இருந்தது. ரோட்டில் இரண்டும் முடியாது. உதயாவின் காய்ச்சல் ஞாபகம் வந்தது. இவன் வாயைத் திறந்திருந்தால் அந்தப் பிள்ளை அனாதை மாதிரி நாலு நாள் கிடந்திருக்காதே என்று கோபம் வந்தது. நான் மட்டும் என் காதிடம் உண்மையைக் கேட்டேனா என்று அதற்கும் மேலே வெட்கம் வந்தது.

"டீ வேணாம். வூட்டுக்கு வுடு."

வீட்டில் பெட்டியைப் பிரிக்கக்கூட விடவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணிலிருந்து குக்கரை இறக்கினாள். எட்டு வருஷத் தூசி. மூடியின் ரப்பர் விறைத்துப்போயிருந்தது. வெந்நீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, இழுத்து இழுத்துப் பதப்படுத்தினாள். அரிசி போட்டாள், தண்ணீர் விட்டாள், வெயிட்டை வைத்தாள். காலையில் வடித்த சோறு பக்கத்திலேயே இருந்தது.

"சோறு கீதே வேம்பு" என்றான் வாசல்படியில் நின்ற பாரி.

"இருக்கட்டும். நாளைக்கு லீவு போடு, காது டாக்டராண்ட போறோம். யார் கையையும் பாக்காம டெஸ்ட் எடுக்கப்போறேன். காதுல மிஷின் வைக்கணும்னா வைக்கட்டும். அப்பறம் உதயாவுக்கு நான் சாதா கால் போடுவேன்."

"சென்டரு?"

"அதுக்கு அப்பறம் மாட்டு. எனக்கு எவ்ளோ போயிருக்குன்னு மொதல்ல தெரியணும். எத்தினி விசிலுன்னு நீயும் எண்ணு, நானும் எண்றேன். வாயத் தொறக்காத."

அடுப்பைப் பற்றவைத்து, அதற்கு முதுகைக் காட்டி நின்றாள். எதிரில் பாரி. அவன் கண் குக்கருக்குப் போய் அவள் முகத்துக்கு வந்தது. புருவம் லேசாக ஏறியது. பார்த்ததுமே வேம்புவுக்குப் புரிந்துவிட்டது, விசில் வந்தால் இந்த மூஞ்சியே சொல்லிவிடும்.

"அந்தாண்ட திரும்பு" என்றாள்.

"என்னா?"

"திரும்புய்யா."

பாரி தயங்கினான். பிறகு மெதுவாகத் திரும்பி, வாசலைப் பார்த்து நின்றான். சட்டையின் முதுகில் ஸ்பீக்கர் பெட்டி இடித்த இடத்தில் வியர்வை சதுரமாக ஊறியிருந்தது. எட்டு வருஷத்தில் வீட்டுக்குள் அவன் முதுகை இவ்வளவு நேரம் அவள் பார்த்ததில்லை. பின்னால் அடுப்பின் சூடு மெல்ல அவள் இடுப்புக்கு ஏறியது. வேம்பு சுண்டுவிரலின் முதல் கோட்டில் கட்டைவிரலை வைத்து, விசிலுக்குக் காதைக் கொடுத்து நின்றாள்.