தோல்விக்கு யார் பேனர் வைப்பார்கள்?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: விசிட்டிங் கார்டு அடிக்க மேற்குத் தாம்பரத்தில் குணாவின் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனவன், இந்தக் கதையோடு திரும்பினேன். முதலில் இப்படித் தொடங்கினேன்:

‘1861 ஜூலை. பீரங்கிகள் அதிர, அமெரிக்க மண்ணில் அண்ணனும் தம்பியும்—’

(வேண்டாம். நான் கண்ட பெரிய போர், ஜி.எஸ்.டி. ரோடு பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு நடப்பதுதான்.)

2

திரிபுரசுந்தரி பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் சரித்திரம் நடத்துகிறாள். ஆறு வருடமாகத் தற்காலிகம். இன்று அவளுடைய கண்காட்சியைப் பார்த்துவிட்டுத்தான் கல்லூரி முதல்வர் அவள் வேலையை நிரந்தரமாக்குவார், அல்லது மாட்டார். தலைப்பு: அமெரிக்க உள்நாட்டுப் போரில் பத்திரிகைகள். முதல் பெரிய சண்டையில், அவசரத் தந்தியை நம்பி வடக்குப் பத்திரிகைகள் சில ‘வெற்றி!’ என்று அடித்துவிட்டன; வடக்குப் படையோ தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே குணாவிடம் இரண்டு பேனர் சொல்லியிருந்தாள்: ‘வெற்றி’, மறுநாளின் ‘தோல்வி’.

3

காலையில் குணா கொண்டுவந்து கட்டியது ஒன்றுதான். அதிலும் ‘வெற்றி’க்குக் கீழே, பூமாலை வளைவுக்குள், கைகூப்பியபடி முதல்வர் ஸ்ரீநிவாசராகவன்.

“குணா, இவர் எப்படி 1861-க்குப் போனார்?”

“இன்விடேஷன்லருந்து எட்த்தேன் மேடம். வெற்றின்னு போட்டுக்கினு ஒரு மூஞ்சி இல்லன்னா மொட்டையா கீது.”

“தோல்வி எங்கே?”

“பதினாலு வருசமா கடை வச்சிகினு கீறேன். தோத்ததுக்கு எவனாச்சும் பேனர் வச்சி பாத்துகிறீங்களா? தப்பா அனுப்பிட்டீங்கன்னு நானே வுட்டுட்டேன்.”

“அதுதான்யா பாடமே!”

4

இந்த இடத்தில் அவள் என்னிடம் பேரத்துக்கு வந்தாள்.

“சார், இந்தக் கதையை நீங்கதானே எழுதறீங்க? முதல்வர் காரைப் பெருங்களத்தூர் டிராஃபிக்ல ஒரு மணி நேரம் நிறுத்துங்க. குணா அடிச்சிட்டு வந்துடுவார்.”

“அது நான் எழுதாமலே நிற்கும். பத்து நிமிஷம்.”

“அரை மணி.”

“கால் மணி. இதற்குமேல் கதை தாங்காது.”

கால் மணியில் ஃப்ளெக்ஸ் அடிக்க முடியாது. சார்ட் தாளில் எழுத முடியும். எழுதி, முதல்வரின் கூப்பிய கைகளுக்கு நேர்கீழே ஒட்டினாள்: ‘மேலே காண்பது பொய் என்று மறுநாள் தெரிந்தது.’

குணா அண்ணாந்து பார்த்தான். “மேடம், இது பேஜாராய்டும்.”

5

கார் வந்துவிட்டது. முதல்வர் இறங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தன் முகத்தைப் படிக்கிறார். இப்போது தாளுக்கு வருகிறார். உதடு அசைகிற மாதிரி—

இந்தக் கதையைப் போடும் பத்திரிகை ஆபீஸிலிருந்து எனக்குப் போன். பக்கத்தை மூடி அச்சுக்கு அனுப்பப்போகிறார்களாம், கதையின் முடிவை உடனே சொல்ல வேண்டுமாம்.

நான் என்ன செய்வேன்? “வெற்றின்னு போட்டுக்குங்க” என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் பேனர் உங்கள் பொறுப்பு.