இரண்டாவது வழி

"நீர் அந்த வரியை எடும், பிரபா. வாசிக்கிற டெவலப்பர் பயந்திடுவான்" என்றான் சுகிர்தன். இரண்டு கையிலும் வெற்றுப் போத்தல் பைகள்.

"செய்தி போய்ச் சேர்ந்தது எண்டு போன் கம்பனி சொன்னா, ஆள் வாசிச்சிட்டார் எண்டு அர்த்தமில்லை. அதைத்தானே விளக்கத்தில எழுதியிருக்கிறன். உண்மைதானே?"

"உண்மையை எல்லாம் வாசலிலயே சொல்லி ஆர் கடை நடத்தினவை?"

சிரித்தபடி கதவைச் சாத்திக்கொண்டு போனான். நொய்கெல்ன் நகர்ப்பகுதியில் அவர்கள் வீட்டுத் தெருமுனைப் பல்பொருள் அங்காடியில், வெற்றுப் போத்தல்களை வாங்கிக் காசு தரும் இயந்திரத்துக்கு முன்னால் விழுந்தவன் பிறகு எழும்பவில்லை. நாற்பத்தாறு வயது.

இருவருமாகச் சேர்ந்து பதினோரு வருடம் நடத்திய சிறிய நிறுவனம். மென்பொருள் எழுதுகிறவர்களுக்குத் தொலைபேசி நிறுவனங்களின் வழிமுறைகள் பிடிபடாது. அந்த நிறுவனங்களுக்கோ மென்பொருள்காரரோடு பேசப் பொறுமை கிடையாது. இரண்டுக்கும் நடுவில் இவர்களுடைய ஏபிஐ என்ற இணைப்பு மென்பொருள் நின்றது. டெவலப்பர் தன் நிரலில் நாலு வரி சேர்த்தால் போதும், குறுஞ்செய்தி புறப்பட்டு யாரோ ஒருவரின் கைபேசிக்குப் போய்விடும். சுகிர்தன் தொலைபேசி நிறுவனங்களோடு பேசுவான். பிரபாலினி டெவலப்பர்களுக்கு விளக்கம் எழுதுவாள். அந்தப் பக்கத்துச் சிக்கல் எதுவும் இந்தப் பக்கத்துக்குத் தெரியக்கூடாது என்பது அவன் வைத்திருந்த சட்டம்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு முன்பே அவனுடைய தமையன் குணசேகரம் எல்லாவற்றையும் முடித்துவைத்தார். மரணச் சான்றிதழில் பன்னிரண்டு பிரதி எடுத்து, காப்புறுதி, நூலகம், உடற்பயிற்சி நிலையம் என்று ஒவ்வொன்றாக எழுதி நிறுத்தினார். கைபேசி எண்ணையும் நிறுத்தினார்.

"செத்தவன்ர பேரில ஒரு கடிதமும் வீட்டுக்கு வரக்கூடாது பிள்ளை. பார்க்கப் பார்க்க உனக்குத்தான் வேதனை" என்றார். அவள் தலையாட்டினாள். அப்போது எதற்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

முப்பத்தாறாம் நாள், ஒரு திங்கட்கிழமை, தொலைபேசி நிறுவனத்திலிருந்து அறிவித்தல் வந்தது. இணைப்பின் அனுமதியை வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் புதுப்பிக்க வேண்டும். அதற்கான ஆறு இலக்கக் குறியீடு பதிவான எண்ணுக்கு அனுப்பப்பட்டுவிட்டது. பதிவான எண் சுகிர்தனுடையது. ஊருக்கெல்லாம் இப்படிக் குறியீடு அனுப்பித் தொழில் செய்தவன், தன் நிறுவனத்தின் சாவியைத் தன் சொந்த எண்ணிலேயே தொங்கவிட்டிருந்தான்.

பிரபாலினி அந்த நிறுவனத்தை அழைத்தாள். எண்ணை மாற்றலாம் என்றார் அங்கிருந்த பெண்மணி. மாற்றுவதை உறுதிப்படுத்தப் பழைய எண்ணுக்கு ஒரு குறியீடு வருமாம்.

"அந்த எண் இப்போது இல்லை. அவர் இறந்துவிட்டார்."

"என் அனுதாபங்கள். அப்படியானால் விண்ணப்பம் ஒன்று அனுப்புங்கள். இரண்டு வாரம் ஆகும்."

இன்னொரு தொலைபேசி நிறுவனத்தின் வழியும் அவர்களிடம் இருந்தது. மெதுவானது, பரிசோதனைக்கு மட்டும் வைத்திருந்தது. பத்தொன்பது வாடிக்கையாளர்களையும் அதற்கு மாற்ற அவளால் முடியும். அவர்களுக்குத் தெரியாமல் மாற்றினால் எது உடையும் என்றுதான் தெரியாது. விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு, அன்றே நடந்ததை நடந்தபடி எழுதினாள். கணவர் இறந்தது, எண் போனது, வெள்ளி மதியம் மூடப்போவது, வியாழனுக்குள் எல்லோரும் புதிய வழியில் அனுப்பிப் பார்க்க வேண்டியது.

குணசேகரம் பின்னால் நின்று வாசித்தார். "நான்தானே நம்பரை நிப்பாட்டினது. அதையும் எழுதிப்போட்டியோ?"

"உங்கட பேர் இல்லை அண்ணை."

"எல்லாரும் விட்டிட்டு ஓடப்போகினம். தம்பி இருந்திருந்தா ஒருத்தருக்கும் மூச்சுக் காட்டியிருக்க மாட்டான்."

"அவர் இருந்திருந்தா குறியீடு வந்திருக்கும்" என்று சொல்லி அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

செவ்வாய் காலை ஒரு வாடிக்கையாளர் விலகினார். மதியம் டிரெஸ்டனிலிருந்து இன்னொரு வாடிக்கையாளன் மிதுஷன் அழைத்தான். சிறுநீரக நோயாளிகளை இரத்தச் சுத்திகரிப்புக்கு ஏற்றிப்போகும் வண்டிகளுக்கான மென்பொருள் அவனுடையது. வண்டி எத்தனை மணிக்கு வாசலுக்கு வரும் என்று செய்தி போகும்.

"அக்கா, அண்ணையின்ர செய்தி எனக்குத் தெரியாது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. சோதிச்சுப் பார்த்தன். செய்தி போகுது. ஆனா சுத்திகரிப்பு நிலையத்தின்ர பேருக்குப் பதிலா ஏதோ ஒரு நம்பர் வருது."

"இந்த வழியில பேர் போகாது தம்பி. நம்பர் மட்டுந்தான்."

"அப்ப வயசான ஆக்கள் மோசடி எண்டு நினைச்சுச் செய்தியை அழிச்சுப்போடுவினம். வண்டி வாசல்ல நிக்கும், ஆள் வராது."

சொல்லாமல் மாற்றியிருந்தால் சனிக்கிழமைதான் தெரியவந்திருக்கும், அதுவும் யாராவது வண்டியைத் தவறவிட்ட பிறகு.

"நிலையத்தின்ர பேரைச் செய்தியின்ர முதலில போடும். நம்பர் மாறுது எண்டு பழைய வழியில இண்டைக்கே ஒருக்கா அறிவியும். அந்த வழி மூட முந்தி."

"மற்றவைக்கும் சொல்லுவமோ?"

"இப்பவே எழுதுறன்."

எழுதினாள். புதன்கிழமை இன்னும் நான்கு பேர் அதே சிக்கலைக் கண்டு, அதே முறையில் தீர்த்தார்கள். வெள்ளி மதியம் பழைய வழி மூடியது. சனிக்கிழமை விடியலில் டிரெஸ்டன் நோயாளிகள் அறுபத்தொரு பேருக்கும் புதிய வழியில் செய்தி போனது. எட்டு மணிக்கு மிதுஷன் அழைத்தான்.

"அறுபத்தொரு பேரும் ஏறிட்டினம் அக்கா. ஒரு மனுசி மட்டும், இது உண்மையோ எண்டு நிலையத்துக்குப் போன் எடுத்துக் கேட்டிட்டுத்தான் ஏறினவவாம்."

"கெட்டிக்காரி."

"ஒண்டு கேக்கலாமே? பேரையும் போட்டதில இடம் காணாமக் கிடக்கு. இந்த வழியில கொஞ்சம் நீட்டி எழுதலாமோ?"

"ஏலாது தம்பி. ஒரு செய்திக்கு நூற்றறுபது எழுத்துத்தான். அதையும் விளக்கத்தின்ர வாசலிலயே எழுதிவிடுறன்."